புல் மெஷின் சூடானதும் நின்றுவிடுகிறது – காயில்தானா?

லாலான்வெட்டி (சுங்கை சிப்புட்)

வணக்கம். தோளில் மாட்டி வெட்டுகிற டூ ஸ்ட்ரோக் மெஷின் ஒன்று வைத்திருக்கிறேன். பள்ளித் திடல், கோயில் வளாகம், செம்பனைக் கன்றுகளின் அடி என்று கிடைக்கிற காண்டிராக்ட் எல்லாம் இதை நம்பித்தான் எடுக்கிறேன். காலையில் கயிற்றை இழுத்ததும் பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரம் போல நன்றாக வெட்டும். அப்புறம் இருமாமல், திணறாமல், யாரோ சுவிட்சை அமுக்கியது போலப் படக்கென்று நின்றுவிடும். பிறகு தோள் கழன்றுபோகும் அளவுக்கு இழுத்தாலும் உயிர் வராது. ஓரமாக உட்கார்ந்து ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் பழையபடி ஓடும்.

டவுனில் ஒரு பட்டறையில் காட்டினேன். மூடியைக்கூடக் கழற்றவில்லை, "காயில் போச்சு, மாத்தணும்" என்று சொல்லிவிட்டார்கள். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற சுருள்தான் காயில். ஒரிஜினல் 100 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போகிறது. ஆன்லைனில் அதே உருவத்தில் 20 வெள்ளிக்குள்ளேயே கிடைக்கிறது. பிளக் புதிது, பெட்ரோல் வடிகட்டி புதிது. காசைப் போடுமுன் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன். அடுத்த வாரம் கோயில் திருவிழா, வளாகம் முழுக்க முழங்கால் உயரப் புல்.


செம்பனைத்தம்பி (சுங்கை சிப்புட்)

அண்ணே, 20 வெள்ளிதானே. வாங்கிப் போட்டுப் பாருங்கள். சரியாகிவிட்டால் லாபம், ஆகாவிட்டால் உதிரிச் சாமானாக இருக்கட்டும்.


ஃபோமென்_பீடோர்

தம்பி சொல்கிற மாதிரி வாங்கிப் போட்டுப் பார்த்தே சிலர் புது மெஷின் விலைக்குச் சாமான் வாங்கியிருக்கிறார்கள். முதலில் நோயைப் பார்ப்போம், மருந்து அப்புறம்.

லாலான்வெட்டி, நீங்கள் எழுதியதிலேயே உபயோகமான சொல் "படக்கென்று" என்பதுதான். பெட்ரோல் போகாமல் நிற்கும் மெஷின் பெரும்பாலும் அடையாளம் காட்டிவிட்டுத்தான் நிற்கும். வேகம் தாறுமாறாக ஏறி இறங்கும், சத்தம் மெலியும், சோக் போட்டால் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். மின்சாரம் அறுந்து நின்றால் அந்தத் திணறல் இருக்காது. ஆனாலும் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. சூட்டில் நிற்பதற்குக் காயில் ஒரு காரணம், அவ்வளவுதான். டேங்க் மூடியில் காற்றுப் போகும் துளை அடைத்தாலும் இதே மாதிரி சிறிது நேரம் ஓடி நிற்கும். உள்ளே வெற்றிடம் சேர்ந்து பெட்ரோலைப் பிடித்து இழுக்கும். நீங்கள் தேத்தண்ணீர் குடித்து வருவதற்குள் காற்று மெல்ல உள்ளே போய்விடும், மெஷின் ஓடும். எல்லாரும் காயிலைத் திட்டுவார்கள்.

அதனால் சோதனையை மெஷின் சூடாக இருக்கும்போதே செய்ய வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் ஆறிய பிறகு பார்த்தால் பொறி அழகாக வரும், ஒன்றும் தெரியாது. பிளக் சாவி, நல்ல பிளக் ஒன்று, கையுறை மூன்றையும் காட்டுக்கே எடுத்துப்போங்கள். நின்ற உடனே முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் அது வேறு கதை. மூடியை மறுபடி இறுக்கமாகப் பூட்டிவிட்டு, பிளக் தொப்பியை எடுத்து, கொண்டுபோன நல்ல பிளக்கை அதில் மாட்டி, பிளக்கின் இரும்பு உடம்பு சிலிண்டர் இரும்பில் அழுத்திப் படும்படி வைத்து, கயிற்றை வேகமாக இழுங்கள். மெதுவாக இழுத்தால் நல்ல காயிலிலும் பொறி வராது. எஞ்சின் தண்டோடு சுற்றும் சக்கரத்தில் இருக்கும் காந்தம் காயிலைக் கடக்கும் வேகத்தில்தான் மின்சாரமே பிறக்கிறது.

மெஷினில் இருக்கும் பழைய பிளக்கைக் கழற்ற வேண்டாம். கழற்றினால் அந்தத் துளை வழியாகப் பெட்ரோல் ஆவி வெளியே அடிக்கும், பக்கத்திலேயே பொறியும் விழும். பெட்ரோல் சிந்தியிருந்தால் துடைத்துவிட்டு, கேனைத் தூரமாக வைத்துவிட்டுச் செய்யுங்கள். பிளக் எதையும் தொடாமல் தொப்பி வெறுமனே தொங்கும்போதும் கயிற்றை இழுக்காதீர்கள். போக வழியில்லாத மின்சாரம் காயிலின் உள்காப்பையே கிழித்துவிடும்.


பழைய_மண்டோர் (தஞ்சோங் மாலிம்)

நாங்கள் தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் இவ்வளவு வேதாந்தம் கிடையாது. ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னொருத்தனை இழுக்கச் சொல்வோம். தூக்கிப் போட்டால் காயில் நல்லது.

அப்போது பாயிண்ட் வைத்த மெஷின்கள். பொறி வருவதற்காகத் திறந்து மூடுகிற தொடுமுனைதான் பாயிண்ட். சக்கரத்துக்கு அடியில் பாயிண்ட், பக்கத்தில் கண்டன்ஸர். மழைக்காலத்தில் பாயிண்ட் மேல் ஈரமும் பச்சையும் பிடிக்கும். உப்புத்தாளை மடித்து உள்ளே விட்டு இரண்டு இழு, பிறகு சுத்தமான தாளை விட்டுத் துடை, மெஷின் பறக்கும். இடைவெளி 0.3லிருந்து 0.4 மில்லிமீட்டர் வரை. பாயிண்ட் முகம் சீக்கிரமே கருகிக் குழி விழுந்தால் கண்டன்ஸர் போய்விட்டது என்று அர்த்தம். இப்போதைய காயிலைத் திறக்கவும் முடியாது, தேய்க்கவும் முடியாது. எல்லாம் பிசினுக்குள் மூடிக் கிடக்கிறது.


ஃபோமென்_பீடோர்

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் கையில் பிடிக்கிற வேலையைத் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். அந்த ஒயரில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேலே வரும். மின்சார அளவு குறைவு என்பதால் ஆள் பிழைத்துக்கொள்கிறார், ஆனால் திடுக்கிட்டுக் கையை உதறும்போது சூடான எக்ஸோஸ் மேலோ பிளேடு மேலோ போய் இடிப்பவர்கள் உண்டு. இதயத்துக்குக் கருவி வைத்திருப்பவர்களுக்கு இது விளையாட்டே இல்லை.

பாயிண்ட் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. இன்னும் சில தோட்டங்களில் பழைய பம்புகள் அப்படித்தான் ஓடுகின்றன.


சாமான்கடை_அக்கா (ஈப்போ)

பிளக் புதிது என்று சொன்னீர்கள் தம்பி. புதிது என்பதும் சரியானது என்பதும் ஒன்றில்லை. என் கவுண்டருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் "புல் மெஷின் பிளக்" என்று மட்டும் கேட்பார்கள். டூ ஸ்ட்ரோக் தோள் மெஷின்களில் பலவற்றுக்கு என்.ஜி.கே. கம்பெனியின் பி.பி.எம்.7.ஏ. பிளக் போகும். அதே பிளக்கில் நடுவில் ஆர் எழுத்து சேர்ந்து பி.பி.எம்.ஆர்.7.ஏ. என்று இருந்தால் உள்ளே ஒரு தடை இருக்கிறது. மின்னணுக் காயில் வைத்த மெஷின்கள் சிலவற்றுக்கு ஆர் உள்ளதைத்தான் கம்பெனி சொல்லும். ஹோண்டா ஜி.எக்ஸ்.35 ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் பிளக் பொடியானது, சி.எம்.ஆர்.5.எச். அதற்கு இடைவெளி 0.6லிருந்து 0.7 மில்லிமீட்டர். எண்ணைப் பார்க்காமல் மரையைப் பார்த்து வாங்குவது பெரிய தலைவலி. மரை பொருந்தும், சூட்டு அளவு பொருந்தாது. என்.ஜி.கே.யில் எண் பெரிதாகப் பெரிதாகக் குளிர்ந்த பிளக். குளிர்ந்ததைப் போட்டால் கரி எரிந்து போகாமல் படிந்துகொண்டே வரும்.

கழற்றின பிளக்கைத் தூக்கி எறியாமல் கொண்டுவாருங்கள். நிறைய சொல்லும். நனைந்து பெட்ரோல் வாடையோடு இருந்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. எலும்பு மாதிரி காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை, காயில் பக்கம் போகாதீர்கள். கறுப்பாக வழவழவென்று இருந்தால் பெட்ரோலில் கலக்கும் 2டி எண்ணெய் அதிகம், அல்லது மெஷினைச் சும்மா உறுமவிட்டே வைத்திருக்கிறீர்கள். இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒரு கரித்துகள் இரண்டு முனைக்கும் நடுவில் பாலம் போட்டிருக்கும். அதற்கு ஊதினாலே போதும். ஆனால் அதற்கும் ஆட்கள் காயில் கேட்டு வருகிறார்கள்.

எண்ணெய்க் கலவை கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. 25க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி. 50க்கு 1 என்றால் 20 மில்லி. பாட்டில் மூடியால் குத்துமதிப்பாக ஊற்றுவது கலவை ஆகாது. எந்த விகிதம் என்பது டேங்க் மூடியிலோ புத்தகத்திலோ இருக்கும்.


லாலான்வெட்டி

நன்றி அக்கா. பிளக் பி.பி.எம்.ஆர்.7.ஏ.தான், புத்தகத்தில் உள்ளபடி. கலவை 25க்கு 1.

இன்று பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் வெட்டும்போது ஃபோமென் அண்ணன் சொன்னபடி செய்தேன். நின்றதும் டேங்க் மூடியைத் திறந்தேன், காற்றுச் சத்தம் ஒன்றும் இல்லை. மூடியைப் பூட்டிவிட்டு உடனே புதுப் பிளக்கை மாட்டி, சிலிண்டர் விளிம்பில் அழுத்தி வைத்து, கையால் நிழல் கொடுத்து இழுத்தேன். பொறி சுத்தமாக இல்லை. மெஷின் ஆறியபின் இழுத்தேன், நீல நிறத்தில் டிக் டிக் என்று அடிக்கிறது. அப்படியானால் பட்டறைக்காரர் சொன்னதுதான் சரியா?


செம்பனைத்தம்பி

நான்தான் அப்பவே சொன்னேனே. காயில்!


ஃபோமென்_பீடோர்

கொஞ்சம் பொறுங்கள். இப்போது தெரிந்தது பொறி இல்லை என்பது மட்டும். ஏன் இல்லை என்பது இன்னும் தெரியவில்லை.

இந்த மெஷின்களில் சுவிட்சை ஆஃப் செய்தால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். வீட்டு விளக்கில் ஆஃப் என்றால் ஒயரைப் பிரிக்கிறோம். இங்கே நேர்மாறு. காயிலிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் கைப்பிடிக்குப் போகிறது. ஆஃப் அமுக்கினால் அந்த ஒயர் மெஷினின் இரும்பு உடம்போடு சேர்கிறது. காயிலில் பிறக்கும் மின்சாரம் எர்த்துக்குள் போய்விடும், பிளக்குக்கு ஒன்றும் வராது. அதனால் அந்த ஒயர் வழியில் எங்காவது தோல் உரிந்து இரும்பில் பட்டாலும் மெஷினைப் பொறுத்தவரை நீங்கள் ஆஃப் அமுக்கியதாகத்தான் அர்த்தம். "யாரோ சுவிட்சை அமுக்கியது போல" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அடுத்த முறை சூட்டில் நின்றதும், காயில் பக்கம் இருக்கும் அந்த ஒயரின் முனையைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலும் செருகினால் இறுகும் சின்னத் தகடுதான். முனை எந்த இரும்பிலும் படாமல் டேப் சுற்றிவிட்டு மீண்டும் பொறி பாருங்கள். பொறி வந்தால் காயில் நல்லது, குற்றவாளி ஒயர் அல்லது சுவிட்ச். அப்போதும் வராவிட்டால் காயில்தான், நானே வாங்கச் சொல்கிறேன்.

கவனம்: ஒயரைக் கழற்றிய நிலையில் மெஷினை ஓட்டினால் சுவிட்சால் நிறுத்த முடியாது. சோக்கை முழுக்க மூடினால் மூச்சடைத்து நிற்கும். பிளேடு மாட்டியிருக்கும்போது இதைச் சும்மா சோதிக்க வேண்டாம்.


பழைய_மண்டோர்

இது நல்ல யோசனை. எங்கள் காலத்தில் சுவிட்ச் உடைந்தால் ஒயரை வெட்டிவிட்டு, சோக்கில்தான் நிறுத்துவோம். மேனேஜர் பார்த்தால் ஏச்சு விழும்.


செம்பனைத்தம்பி

சரி, ஒரு கேள்வி. காயிலுக்கும் சக்கரத்துக்கும் இடைவெளி வைக்க டச் அன் கோ கார்டை (டோல் கட்டுகிற பிளாஸ்டிக் கார்டு) நடுவில் விட்டு இறுக்கினால் போதும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அண்ணன் மெஷினில் அந்த இடைவெளி கோளாறாக இருக்கலாமே?


சாமான்கடை_அக்கா

அய்யோ தம்பி, அந்தக் கார்டு 0.76 மில்லிமீட்டர் தடிமன். வங்கிக் கார்டு, அடையாளக் கார்டு எல்லாம் அதே அளவுதான். சின்ன மெஷின்கள் பலவற்றுக்குத் தேவை 0.3 மில்லிமீட்டர் பக்கம். இரண்டு மடங்குக்கு மேல் தள்ளி வைத்தால் பொறி மெலிந்துவிடும், காலையில் இழுத்தால் பிடிக்காது. இடைவெளி அளக்கும் தகடு (ஃபீலர் கேஜ்) இல்லாவிட்டால் சாதாரண 80 கிராம் ஏ4 தாளை மூன்றாக மடித்து வையுங்கள். ஒரு தாள் சுமார் 0.1 மில்லிமீட்டர். காந்தத்தைக் காயிலுக்கு நேராகத் திருப்பி, தாளை நடுவில் விட்டு, திருகாணியைத் தளர்த்தினால் காந்தமே காயிலை இழுத்து ஒட்டிக்கொள்ளும். அப்படியே இறுக்கித் தாளை உருவிவிட வேண்டியதுதான். பிறகு சக்கரத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள், எங்கும் உரசக் கூடாது.


ஃபோமென்_பீடோர்

அக்கா சொன்னது சரி, ஆனால் எல்லா மெஷினுக்கும் 0.3 இல்லை. ஹோண்டா ஜி.எக்ஸ்.160 எஞ்சினுக்கு 0.4, கூடக்குறைய 0.2 வரை விடலாம். அத்துடன் இடைவெளிக் கோளாறு சூடானால் மட்டும் வந்து, ஆறினால் போகாது. அதனால் லாலான்வெட்டிக்கு அது இல்லை. சக்கரத்துக் காந்தமும் லேசில் சக்தி இழக்காது. ஒரு ஸ்குரூ டிரைவரைப் பக்கத்தில் காட்டினால் பிடுங்கிக்கொள்கிறதா, போதும். காயில் கால்களிலும் காந்தத்தின் முகத்திலும் துரு ஏறியிருந்தால் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துவிடுங்கள்.


லாலான்வெட்டி

வந்தேன். அண்ணே, பொறி வந்துவிட்டது!

சூட்டில் நின்றதும் ஒயரைக் கழற்றி டேப் சுற்றி இழுத்தேன். நீலமாக அடித்தது. முனையை மறுபடி செருகினேன், இல்லை. கழற்றினேன், இருக்கிறது. வீட்டுக்கு வந்து மேல் மூடியை முழுக்கக் கழற்றிப் பார்த்தால், அந்த ஒயர் எக்ஸோஸ் பக்கமாக வளைந்து சிலிண்டர் விளிம்போடு ஒட்டிப் போகிறது. தோல் பிஸ்கட் மாதிரி மொறுமொறுவென்று வெடித்திருக்கிறது. முன்னால் யாரோ கிளட்ச் வேலை பார்த்தபோது ஒயரை அதன் பள்ளத்தில் வைக்காமல் மூடியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஆறும்போது செம்பு தள்ளி நிற்கிறது, சூடானால் வளைந்து போய் இரும்பைத் தொடுகிறது.

இதற்கு எந்த ஒயர் போட வேண்டும்? வீட்டு ஒயர் போதுமா?


ஃபோமென்_பீடோர்

வீட்டு ஒயர் உள்ளே ஒற்றைக் கம்பியாக இருந்தால் அதிர்வில் முறிந்துவிடும். கார் மின்சார வேலைக்கு விற்கிற பல இழை ஒயர் ஒரு மீட்டர் வாங்குங்கள். சூடு தாங்கும் உறை ஒன்றை அதன் மேல் மாட்டி, பழைய பள்ளத்திலேயே வையுங்கள். எக்ஸோஸ் பக்கம் போகவே கூடாது. மாட்டியதும் மல்டிமீட்டர் இருந்தால் ஒரு முனையை அந்த ஒயரிலும் இன்னொன்றைச் சிலிண்டரிலும் வையுங்கள். காயில் பக்கம் கழன்றிருக்கும்போது சுவிட்ச் ஆன் என்றால் தொடர்பு இருக்கக் கூடாது, ஆஃப் என்றால் இருக்க வேண்டும். ஒயரை நெடுகக் கையால் ஆட்டிப் பாருங்கள், ஆனில் இருக்கும்போது ஒரு முறைகூட பீப் சத்தம் வரக் கூடாது.

மல்டிமீட்டரை வைத்துக் காயிலையும் அளக்கலாமா என்று யாராவது கேட்பீர்கள். பிளக் ஒயரிலிருந்து காயிலின் இரும்புக்கு அளந்தால் சில ஆயிரம் ஓம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே அறுந்திருக்கிறது, அல்லது தொப்பி கழன்றிருக்கிறது. ஆனால் எண் சரியாக இருப்பதால் மட்டும் காயில் நல்லது என்று சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் மின்னணுப் பகுதியை மீட்டர் பார்க்காது.


செம்பனைத்தம்பி

அண்ணே, நல்லவேளை 20 வெள்ளி மிச்சம். 😄 எங்கள் வீட்டில் தள்ளிக்கொண்டு போகிற மெஷின் ஒன்று இருக்கிறது. அதில் பொறி நன்றாகத் தெரிகிறது. ஆனால் இழுத்தால் கயிற்றைக் கையிலிருந்து பிடுங்குகிறது, "டப்" என்று கார்ப்ரேட்டர் வழியாக வெடிக்கிறது, ஓடுவதில்லை. இதுவும் ஒயரா?


ஃபோமென்_பீடோர்

அதற்கு முன்னால் பிளேடு எதிலாவது இடித்ததா? மரக்கட்டை, கல், தரையில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்?


செம்பனைத்தம்பி

பழைய பால்மர அடிக்கட்டையில்.


ஃபோமென்_பீடோர்

அதுதான். தள்ளும் மெஷினில் பிளேடு நேராக எஞ்சின் தண்டிலேயே இருக்கிறது. கட்டையில் மோதியதும் தண்டு நிற்கும், கனமான காந்தச் சக்கரம் சுற்றிய வேகத்தில் இன்னும் கொஞ்சம் போகப் பார்க்கும். இரண்டையும் பூட்டியிருக்கும் சின்னச் சாவித் துண்டு அறுந்துபோகும், அல்லது பாதி நசுங்கும். காந்தம் தன் இடத்திலிருந்து நகர்ந்துவிட்டதால் பொறி வருகிறது, தப்பான நேரத்தில் வருகிறது. பொறி இருக்கிறது என்று நம்பிக்கொண்டு கார்ப்ரேட்டரைக் கழற்றிக் கழுவியே காலத்தைப் போக்குவார்கள். சக்கரத்து நட்டைக் கழற்றி மேலிருந்து பாருங்கள், தண்டுப் பள்ளமும் சக்கரப் பள்ளமும் நேர்கோட்டில் நிற்க வேண்டும். சாவித் துண்டு சில வெள்ளிதான். இரும்பு ஆணி ஒன்றை வெட்டிச் செருகி வைக்காதீர்கள், அடுத்த மோதலில் தண்டே போய்விடும். இடிபட்ட பிளேடு வளைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பிளக் தொப்பியைக் கழற்றி, சிலிண்டரில் படும்படி கட்டி வைத்துவிட்டுத்தான் பிளேடு பக்கம் கை வைக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் அக்கா திட்டுவார்.


மேட்டுநிலத்தான் (கம்பார்)

இந்த இழையைப் படித்துவிட்டுத்தான் சேர்ந்தேன். எனக்கு ஜி.எக்ஸ்.160 தண்ணீர்ப் பம்பு. காய்கறித் தோட்டத்தில் சரிவில் வைத்து ஓட்டுகிறேன். வீட்டுச் சிமென்ட் தரையில் வைத்தால் நாள் முழுக்க ஓடுகிறது. தோட்டத்துக்குக் கொண்டுபோனால் நின்றுவிடுகிறது, பொறியும் இல்லை. நின்றதும் காயில் ஒயரைக் கழற்றிப் பார்த்தேன், பொறி வருகிறது. ஆனால் ஒயரில் எங்கும் தோல் உரியவில்லை.


ஃபோமென்_பீடோர்

உங்களுடையதில் எண்ணெய்க் காவல் இருக்கிறதா பாருங்கள். எஞ்சின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு மஞ்சள் ஒயர் வெளியே வரும். அடியில் மிதவை ஒன்று இருக்கிறது. எண்ணெய் குறைந்தால் அது இறங்கி, சுவிட்ச் செய்கிற அதே வேலையைச் செய்து பொறியை நிறுத்திவிடும். சரிவில் வைத்தால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கும், எண்ணெய் குறைந்துவிட்டது என்று மிதவை நினைத்துக்கொள்ளும். இந்த எஞ்சினுக்கு 20 டிகிரிக்கு மேல் சாய்வு ஆகாது என்பது ஹோண்டாவின் கணக்கு. எண்ணெய் கொஞ்சம் குறைவாக இருந்தால் அதற்கும் குறைந்த சரிவிலேயே நின்றுவிடும். மட்டமான தரையில் வைத்து, ஊற்றும் வாயின் விளிம்பு வரை எண்ணெய் நிற்கிறதா பாருங்கள். மொத்தக் கொள்ளளவு 0.6 லிட்டர் பக்கம்தான், 100 மில்லி குறைந்தாலே அது பெரிய குறைவு.

மஞ்சள் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டலாமா என்று கேட்காதீர்கள். சோதனைக்குக் கழற்றலாம். அப்படியே விட்டால் ஒருநாள் எண்ணெய் இல்லாமல் ஓடி உள்ளே பிடித்துக்கொள்ளும்.


மேட்டுநிலத்தான்

மஞ்சள் ஒயர் இருக்கிறது. எண்ணெயும் குறைவாகத்தான் இருந்தது, 10டபிள்யு-30 ஊற்றி விளிம்புக்குக் கொண்டுவந்தேன். சரிவிலும் இப்போது ஓடுகிறது, ஆனால் பம்பை எதிர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தால் மட்டும் சில சமயம் நிற்கிறது. பழைய செம்பனைப் பலகை இரண்டை அடியில் கொடுத்து மட்டம் பண்ணப் போகிறேன்.


சாமான்கடை_அக்கா

பலகை அதிர்வில் நழுவும் தம்பி. மண்ணை வெட்டிச் சமமாக்கி, மேலே ஒரு சிமென்ட் கல் பதித்துவிடுங்கள். எக்ஸோஸ் பக்கம் காய்ந்த புல் இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.